ஒரு நகரம் ஒரு பிராணியை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று தடுப்பது எதனால்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஓரிடத்தில் கடையில் வைத்து விற்கப்படும் பிராணியை இன்னொரு நகரத்தில் வீட்டில் வைத்திருந்தாலே அபராதம் என்கிறார்களே, இந்தத் தடைப்பட்டியல்களை யார், எதை வைத்துத் தயாரிக்கிறார்கள்? தடை வருவதற்கு முன்பிருந்தே வளர்த்து வருபவர் என்ன செய்வது?

இத்தகைய பட்டியலைப் பார்க்கும் பலரும் அதை அந்தந்தப் பிராணியின் குணத்துக்கு அரசு கொடுத்த நற்சான்று அல்லது கெட்ட பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "எங்கள் வீட்டு ஃபெரெட் இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை" என்று, கீரியைப் போன்ற அந்தச் சிறு பிராணிக்காக வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது அதனால்தான். நகரச் சட்டம் போடும் கணக்கே வேறு. அந்தப் பிராணியால் ஒரு கெடுதல் நேர்ந்தால் அது வீட்டுச் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும், தாண்டிய பிறகு அதன் செலவையும் வலியையும் யார் சுமப்பார்கள் என்பதுதான் அதன் கவலை. கடி, தொற்றுநோய், தப்பியோடிப் பெருகுதல், அக்கம்பக்கத்தாரின் தூக்கம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கும். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பட்டியல் புரிந்துவிடும். சில சமயம் அந்த அச்சம் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்பதும் தெரியவரும்.

யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது, ஏனென்றால் சட்டம் அடுக்கடுக்காக இருக்கிறது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகமும் இறக்குமதியும் நாட்டின் கையில். காட்டு விலங்குகள் பெரும்பாலும் நாட்டின் அல்லது மாநிலத்தின் கையில். சுகாதாரம், சத்தம், நாற்றம், எண்ணிக்கை ஆகியவை நகரத்தின் கையில். மேலே தடுத்ததைக் கீழே அனுமதிக்க முடியாது. மேலே அனுமதித்ததைக் கீழே தடுப்பதற்குப் பல இடங்களில் வழியுண்டு. செர்வல் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையையும் வீட்டுப்பூனையையும் கலந்து உருவாக்கிய சவானா பூனை இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் மாநிலச் சட்டம் காட்டு மூதாதையிடமிருந்து ஐந்தாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான சவானா பூனையை ஏற்றுக்கொள்கிறது. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நியூயார்க் நகரத்தின் சுகாதார விதித்தொகுப்போ காட்டுப்பூனையின் இரத்தம் கலந்த கலப்பினம் எதையும் ஏற்பதில்லை. நகர எல்லைக்கு வெளியே சட்டப்படி வாங்கிய பூனையைக் காரில் வைத்துக்கொண்டு நகருக்குள் நுழைகிறவர், நுழைந்த நிமிடத்திலேயே விதிமீறியவர் ஆகிறார். மேலடுக்கு நினைத்தால் கீழடுக்கின் அதிகாரத்தையே பறித்துக்கொள்ளவும் முடியும். ஃப்ளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டம் 1989 முதல் பிட்புல் வகை நாய்களைத் தடை செய்திருந்தது. நாயின் இனத்தை மட்டும் வைத்து எந்த உள்ளாட்சியும் தடை விதிக்கக் கூடாது என்று மாநிலமே 2023-இல் சட்டம் செய்ததும் அந்தத் தடை முடிவுக்கு வந்தது.

இவற்றுக்கெல்லாம் கீழே பலர் கவனிக்காத கடைசி அடுக்கு ஒன்று உண்டு: குடியிருக்கும் கட்டடம். சிங்கப்பூரில் தனியார் வீட்டில் பூனை வளர்க்கத் தடை இருந்ததில்லை; மக்களில் பெரும்பாலோர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளிலோ 2024 ஆகஸ்ட் வரை பூனைக்கு அனுமதியே கிடையாது. பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கடினம், முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். நாய்க்கோ, குறிப்பிட்ட சிறிய இனங்களில் ஒன்று மட்டும் என்ற நிபந்தனையோடு அங்கே அனுமதி இருந்தது. குரைக்கும் பிராணிக்கு இடம் கொடுத்துவிட்டு, முனகும் பிராணியைச் சத்தத்தின் பெயரால் வெளியே நிறுத்திய விதி இது என்று பூனைப் பிரியர்கள் பல ஆண்டுகள் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமமும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயம் என்ற ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதிக்கப்பட்டன. பல்லாயிரக்கணக்கானோர் சத்தமில்லாமல் மீறிக்கொண்டிருந்த விதியைக் கைவிட்டு, அவர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்ததே அந்த மாற்றத்தின் பெரிய பயன் என்பது என் கருத்து.

இனி அச்சங்களுக்கு வருவோம். கடி என்றதும் புலியும் முதலையும்தான் நினைவுக்கு வரும். 2003 அக்டோபரில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு பொதுக் குடியிருப்புக் கட்டடத்தின் அடுக்குமாடி வீட்டில் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள மிங் என்ற புலி இருந்தது தெரியவந்தது. கூடவே ஒரு முதலையும் இருந்தது. வளர்த்தவர் கடிபட்டு மருத்துவமனைக்குப் போய், நாய் கடித்தது என்று சொல்லியிருந்தார். கதவைத் திறந்து உள்ளே போக யாருக்கும் துணிவில்லாததால், ஒரு காவலர் கட்டடத்தின் வெளிச்சுவரோடு கயிற்றில் இறங்கி, ஜன்னல் வழியாக மயக்க ஊசியைச் சுட்டார். ஊசி பட்டதும் புலி ஜன்னலை நோக்கிப் பாய்ந்தது. இந்த அளவுக்குப் போன ஒன்றைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. விவாதம் எல்லாம் சிறிய பிராணிகளைப் பற்றித்தான், அவற்றில் கடியைவிடக் கடிக்குப் பின் நடப்பதே முக்கியமாகிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு நாயோ பூனையோ ஒருவரைக் கடித்துவிட்டால், பார்வைக்கு நலமாக இருக்கும் அந்தப் பிராணியைப் பத்து நாள் அடைத்துவைத்துக் கவனிப்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபீஸ் கிருமி இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும் என்பது நீண்ட கால ஆய்வில் தெரிந்த உண்மை. பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், அந்தக் கடியால் ரேபீஸ் தொற்றியிருக்காது என்று கொள்ளலாம். ரக்கூன் என்னும் வட அமெரிக்கக் காட்டுப் பிராணி, நரி, ஓநாய்க் கலப்பு நாய் போன்றவற்றில், நோய் வெளிப்படுவதற்கு எத்தனை நாள் முன்னதாகவே அந்தக் கிருமி உமிழ்நீரில் வரும் என்பதற்கு அப்படியொரு கணக்கு இல்லை. அவற்றுக்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற ஊசித் தடுப்பு மருந்தும் இல்லை. ஆகவே வீட்டில் வளர்ந்த சாதுவான ரக்கூன் ஒரு குழந்தையின் விரலில் கீறல் விழும்படி கடித்துவிட்டாலும், அதைக் கொன்று மூளையைப் பரிசோதிப்பதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. பல நகரங்களின் பட்டியலில் ரக்கூன், நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க், நரி, வௌவால் எல்லாம் ஒன்றாக வரிசையில் நிற்பது இதனால்தான். வளர்த்தவரின் கண்ணீரைக் கண்டு இரங்கும் ஒரு கால்நடை மருத்துவர்கூட அந்த வரிசையை மாற்றச் சொல்லமாட்டார்.

ஆனால் இதே அளவுகோலால் அளந்தால் ஃபெரெட் தப்பிவிட வேண்டும். நீண்ட உடலும் குட்டைக் காலுமாகப் பார்ப்பதற்குக் கீரியை நினைவூட்டும் இந்தப் பிராணி, மனிதரால் நூற்றாண்டுகளாக வளர்க்கப்படுவது. அமெரிக்காவில் 1990-இலேயே அதற்கென ரேபீஸ் தடுப்பூசி ஒப்புதல் பெற்றது. பத்து நாள் கவனிப்பு அதற்கும் பொருந்தும் என்று பின்னர் ஏற்கப்பட்டது. இருந்தும் நியூயார்க் நகரம் 1999-இல் அதன் பெயரைக் குறிப்பிட்டே தடையை உறுதிப்படுத்தியது. அந்த ஆண்டு வானொலியில் பேசிய மேயர் ரூடி ஜூலியானி, ஃபெரெட்டுக்காக வாதாடி அழைத்த ஒருவரிடம், இதன் மேல் இவ்வளவு அக்கறை வைப்பதே ஒரு நோய் என்ற பொருள்பட எரிந்து விழுந்தது இன்றும் பேசப்படுகிறது. 2015-இல் சுகாதார வாரியத்தில் தடையை நீக்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தபோதும் தேவையான வாக்குகள் கிடைக்கவில்லை. அடுக்குமாடிச் சுவர்களின் இடுக்குகளில் நுழைந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும், பச்சிளங்குழந்தைகளைக் கடிக்கும் என்ற ஐயமே மேலோங்கியது. பழைய கட்டடங்கள் நெருக்கமாக உள்ள நகரில் அந்த ஐயத்தை முழுக்க வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் இது ரேபீஸின் அளவுக்கு உறுதியான காரணமும் ஆகாது.

தொற்றுநோய் என்ற அச்சத்துக்கு மிகத் தெளிவான சான்று 2003-இல் அமெரிக்காவில் நடந்தது. கானா நாட்டிலிருந்து இறக்குமதியான பெரிய ஆப்பிரிக்க எலிகளோடு ஒரே இடத்தில் வைக்கப்பட்ட பிரெய்ரி நாய்களுக்கு எம்பாக்ஸ் என்னும் குரங்கு அம்மை தொற்றியது. பெயரில்தான் நாய், உண்மையில் அவை அணில் குடும்பத்துக் கொறிவிலங்குகள். அவற்றைச் செல்லப்பிராணியாக வாங்கிப் போனவர்களிடமிருந்து ஆறு மாநிலங்களில் 47 பேருக்கு நோய் உறுதியானதாகவோ சந்தேகிக்கத்தக்கதாகவோ பதிவானது. ஆமையின் கதை இன்னும் எளிமையானது. நான்கு அங்குலத்துக்கும் குறைவான ஓடுள்ள ஆமைக்குஞ்சுகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்க அரசு 1975-இல் தடுத்தது, காரணம் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி. பெரிய ஆமையிலும் அந்தக் கிருமி உண்டு. ஆனால் பெரிய ஆமையைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாது.

நோய் போய்விட்ட பிறகும் தடை நிற்பதற்கு ஐஸ்லாந்தின் தலைநகரம் ரெய்க்யவிக்கைச் சொல்ல வேண்டும். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போனால், கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வளரும். ஆட்டின் உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடும் பழக்கம் இருந்த அந்தத் தீவில் இந்நோய் கடுமையாகப் பரவியிருந்தது. 1924-இல் நகரத்தில் நாய் வளர்ப்பதே தடை செய்யப்பட்டது. சுகாதார நடவடிக்கைகளால் நோய் அடங்கியது. ஆனாலும் அனுமதி பெற்று நாய் வளர்க்கலாம் என்ற நிலை வருவதற்கு 1984 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பூனை நகரத்தின் பிராணியாகிவிட்டது. ஒரு நகரத்தின் தடைப்பட்டியலில் காரணம் புரியாத பெயர் ஒன்று இருந்தால், அது எந்த ஆண்டு சேர்க்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டில் ஒரு நோயோ விபத்தோ இருக்கும்.

தப்பியோடிப் பெருகுதல் என்ற மூன்றாவது அச்சத்தில், பிராணியின் குணத்துக்கு இடமே இல்லை, நிலத்துக்குத்தான் இடம். ஹவாய் தீவுகளில் பாம்பு வளர்ப்பதற்கு 2,00,000 டாலர் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க வழியிருக்கிறது. விஷமற்ற சிறு பாம்புக்கும் இதே கதிதான். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்குத் தற்செயலாக வந்துசேர்ந்த பழுப்பு மரப்பாம்பு அங்கிருந்த காட்டுப் பறவையினங்களில் பெரும்பாலானவற்றை ஒழித்துவிட்டதை ஹவாய்க்காரர்கள் அறிவார்கள். கலிஃபோர்னியா கெர்பில் என்னும் பாலைவன எலியையும் முள்ளெலியையும் தடுப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முயலைச் செல்லப்பிராணியாக வளர்க்கவே கூடாது. மேடையில் வித்தை காட்டும் மந்திரக்காரருக்கு மட்டும் அனுமதி பெற வழியுண்டு. கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் முயலால் அந்தக் கண்டம் பட்ட பாடு தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

அக்கம்பக்கத்தாரின் அமைதி என்பதில் அதிகம் சொல்வதற்கில்லை. நியூயார்க் நகரத்தில் பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. தேனீ வளர்ப்பு 2010 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பெய்ஜிங்கின் நகர்ப்பகுதியில் 35 செண்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள நாய் கூடாது, வீட்டுக்கு ஒன்றுதான். உயரத்தை வைத்து ஆபத்தை அளப்பது துல்லியமற்றது என்றாலும், அளவுநாடா ஒன்று போதும் என்ற வசதி அதில் இருக்கிறது.

அந்த வசதி இல்லாமல் திணறுவது நாய் இனத் தடைகள்தாம். பிட்புல் என்பது பல நாய்க்கழகங்களின் ஏட்டில் தனியொரு இனமாகவே இல்லை. ஆகவே அதிகாரி தலையின் அகலம், மார்பின் விரிவு, முடியின் நீளம் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று தடைக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் நிற்கலாம். பிரிட்டன் 1991-இல் நான்கு வகை நாய்களைத் தடுத்து, எக்ஸ்எல் புல்லி என்ற வகையை 2023 டிசம்பர் இறுதியில் சேர்த்தது. அந்தச் சட்டமும் இனத்தைச் சொல்லாமல் "வகை" என்று சொல்லித் தோற்றத்தையே அளவாகக் கொண்டது. டென்வர் நகரம் 1989-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை 2020 நவம்பரில் வாக்காளர்களே மாற்றி, நிபந்தனைகளோடு கூடிய உரிமமாக்கினார்கள். இந்தியாவில் 23 நாய் இனங்களைத் தடுக்கும்படி ஒன்றிய அரசின் துறை 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கை, பாதிக்கப்படுகிறவர்களின் கருத்தைக் கேட்காமல் வந்தது என்பது உள்ளிட்ட காரணங்களால் அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்களில் நிற்கவில்லை. கடித்த வரலாறுள்ள நாயையும் அதன் உரிமையாளரையும் தனித்தனியாகப் பிடிக்கும் சட்டம் செலவு மிகுந்தது. இனத்தைத் தடுப்பது எளிதானது. நகராட்சிகள் எளியதைத் தேர்ந்தெடுக்கும்போது, அவற்றின் விதிகள் நீதிமன்றத்தில் தடுமாறுவதில் எனக்கு வியப்பில்லை.

பட்டியலை எழுதும் முறையிலும் இரண்டு போக்குகள் உள்ளன. கூடாதவற்றை எழுதி, மற்றவை எல்லாம் ஆகும் என்பது ஒன்று. ஆகக்கூடியவற்றை மட்டும் எழுதி, மற்றவை எல்லாம் கூடாது என்பது இன்னொன்று. முதல் முறையில் சட்டம் எப்போதும் சந்தைக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும், ஏனெனில் ஒரு பெயரைத் தடுத்தால் வியாபாரி அடுத்த பிராணியைக் கொண்டுவந்துவிடுவார். நெதர்லாந்து 2024 ஜூலை 1 முதல் பாலூட்டிகளில் 30 இனங்களை மட்டும் வளர்க்கலாம் என்று இரண்டாவது முறைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரும் முயல், கினிப்பன்றி, வெள்ளெலி, சின்சில்லா போன்ற சிலவற்றை அனுமதித்து, அதில் இல்லாத முள்ளெலியையும் உடும்பு வகைகளையும் பாம்பையும் வெளியே நிறுத்துகிறது. நீங்கள் வசிக்கும் நகரம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் "பட்டியலில் பெயர் இல்லையே" என்று நிம்மதி கொள்வது ஆபத்தானது. இரண்டாவது முறையில் பெயர் இல்லாததே தடை.

ஏற்கெனவே வளர்த்து வருபவரைப் பற்றிய கேள்விக்கு, புதிய தடை வரும்போது அதனோடு ஓர் இடைக்கால ஏற்பாடும் பொதுவாக வரும் என்பதே பதில். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் செங்காது ஆமையையும் ரக்கூனையும் ஊடுருவும் இனங்களின் பட்டியலில் சேர்த்தபோது, முன்பே வீட்டில் இருந்தவற்றை அவை இயற்கையாக இறக்கும்வரை வைத்துக்கொள்ள அனுமதித்தது. தப்பவிடக் கூடாது, இனப்பெருக்கம் செய்யவிடக் கூடாது என்பன நிபந்தனைகள். பிரிட்டனில் எக்ஸ்எல் புல்லி வைத்திருந்தவர்கள் குறிப்பிட்ட தேதிக்குள் விலக்குச் சான்று பெற்று, கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே போகும்போது வாய்ப்பூட்டும் கயிறும் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டார்கள். இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் தேதிதான் உயிர். தடைக்கு முன்பே உங்களிடம் இருந்தது என்பதை வாங்கிய ரசீதாலோ கால்நடை மருத்துவரின் தேதியிட்ட குறிப்பாலோ காட்ட முடியவில்லை என்றால், உண்மை உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

மறைத்து வளர்ப்பவர் எதை இழக்க நேரும் என்பதற்கு டொராண்டோவில் 2012 டிசம்பரில் நடந்ததைச் சொல்லலாம். ஒரு ஐகியா கடையின் கார் நிறுத்துமிடத்தில், கம்பளிக் கோட்டு அணிந்த ஜப்பானியக் குரங்குக்குட்டி ஒன்று தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. டார்வின் என்ற அந்தக் குட்டி காரில் இருந்த கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்திருந்தது. நகர விதிப்படி குரங்கு வளர்க்கக் கூடாதாகையால் அது சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டது. வளர்த்தவர் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். நாயையும் பூனையையும் போல அல்லாமல், காட்டு விலங்கின் மீதான உரிமை அது கையில் இருக்கும்வரைதான் நீடிக்கும், தப்பியதும் போய்விடும் என்ற பழைய சட்டக் கொள்கையின்படி 2013-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவர் மீது விதிக்கப்பட்ட அபராதம் சில நூறு டாலர்தான்; குரங்கு திரும்பவில்லை.

உங்கள் நகரத்தில் நிலவரம் என்ன என்று விசாரிக்கும்போது, கடைக்காரர் சொல்லும் பெயரைக் கொண்டு விசாரிக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் விற்கப்படும். அறிவியல் பெயர், கலப்பினமாக இருந்தால் எத்தனையாவது தலைமுறை, வசிப்பது எந்த வகைக் கட்டடம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தடை செய்யப்பட்ட பிராணி ஏற்கெனவே கையில் இருந்து, விலக்குக்கும் வழியில்லை என்றால், குளத்திலோ தோப்பிலோ விட்டுவிடுவது பல இடங்களில் தனிக் குற்றமாகவே பார்க்கப்படும். செங்காது ஆமை உலகெங்கும் பரவியதே இப்படி விட்டவர்களால்தான். ஹவாயிலும் ஃப்ளோரிடாவிலும் தாமாக முன்வந்து ஒப்படைப்பவரைத் தண்டிக்காமல் பிராணியை வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படியொன்று உண்டா என்பதை ஒரு கால்நடை மருத்துவர் மூலமாகவோ விலங்குக் காப்பகம் மூலமாகவோ, புகார் வருவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது. ஹவாயில் அந்தச் சலுகை விசாரணை தொடங்குவதற்கு முன் ஒப்படைப்பவருக்கு மட்டும்தான்.